டியூப் டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு விசில் ஊதும். புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்கள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்கள்.

மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு நடுவில் சின்னதாக ஒரு பூங்கா. ஒரு சறுக்குமரம், நாலு வேப்பமரம், கால் ஒடிந்த ஒரு பெஞ்சு. அதன் வாசலில்தான் அவர் நிற்பார். கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் வளையம் வளையமாகச் சுருட்டிப் போட்ட கண்ணாடி போன்ற டியூப். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூப். சாந்தோம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம். கான்வென்ட் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்து, முழங்கால் தேய்ந்து, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். விசில் வந்த வழி அது. டியூப் எப்படி வந்தது என்று கேட்டால், வீட்டு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் கற்றுக்கொண்டேன் என்பார். அவர் பெயரைச் சொல்லித் தெருவில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே டீச்சர். முதுகுக்குப் பின்னால் டியூப் டீச்சர்.

பூங்காவில் நடப்பதை வகுப்பு என்றுதான் சொல்வார். தெருவின் தண்ணீரையும் குப்பையையும் நிழலையும் தெருக்காரர்களே திட்டம் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு முதலில் தெருவைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை வீட்டிலிருந்து இரண்டு நடையாகத் தூக்கி வந்து போடுவார். உதவிக்குப் போனால் வரிசை கோணலாகிவிடும் என்று விடமாட்டார்.

முதல் வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வரையுங்கள் என்றார். மோட்டார் வரைந்தோம், டேங்க் வரைந்தோம், பாத்ரூம் ஓட்டை வரைந்தோம். அதற்கு மேல் யாருக்கும் கை ஓடவில்லை. ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட் ஒருவர் அந்த ஓட்டையிலிருந்து நீளமாக ஓர் அம்புக்குறி போட்டு, முனையில் கார்ப்பரேஷன் என்று எழுதி, அடிக்கோடும் போட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், அதில் ஒன்றும் அவமானம் இல்லை என்றார். என் தாளில் கடைசியில் பதினோரு கேள்விக்குறி இருந்தது. எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு டீச்சர் பாராட்டியது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அந்த மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் மழைநீர் சேகரிப்பு உள்ள வீடு என்று பச்சை எழுத்தில் போர்டு உண்டு. அடுத்த வாரம் டீச்சர் அந்த மொட்டை மாடிக்கு எங்களை அழைத்துப் போய், ஒரு பக்கெட் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து மழைக்குழாயில் ஊற்றினார். கீழே சேகரிப்புக் குழியைச் சுற்றி நின்று காத்திருந்தோம். குழியில் ஒன்றும் வரவில்லை. தெருச் சாக்கடைச் சேம்பரைத் திறந்து பார்த்தால் மஞ்சள் தண்ணீர் அங்கே மங்களகரமாகப் போய்க்கொண்டிருந்தது. இருபது வருஷ மழை அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மாஜிஸ்திரேட் அன்றோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டார். டீச்சருக்கு அது புரியவே இல்லை. தப்பு குழாயில்தானே இருக்கிறது, அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்று என்னிடம் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுதான் அவர். தப்பு என்று ஒன்று தெரிந்துவிட்டால், அதை அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் தப்பானாலும் சரி, தன் தப்பானாலும் சரி, ஒரே குரல்தான். ஒரு முறை சமையலறைக் கழிவில் உரம் போடுவதை வீடு வீடாக ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தபோது ஆரஞ்சுத் தோலை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லிவிட்டார். பிறகு எங்கோ படித்திருக்கிறார், அளவோடுதான் போட வேண்டும் என்று. தெருவில் உரத்தொட்டி வைத்திருந்தவை இருபத்துமூன்று வீடுகள். தேய்ந்த முழங்காலோடு இருபத்துமூன்றுக்கும் ஏறி இறங்கி மணியடித்து, போன வாரம் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி மாமி கதவைத் திறந்தவள் திகைத்துப்போய், "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் மாடி ஏறி வந்தேள்?" என்று கேட்டாளாம்.

"தப்பாச் சொல்றதுக்கும் நான்தானேம்மா ஏறி வந்தேன்" என்றாராம் டீச்சர்.

மாமி இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த தடவை மணியடித்தால் ஆத்துல யாரும் இல்லேன்னு சொல்லிடுங்கோ என்று எனக்கு யோசனையும் சொன்னாள்.

நான் ஏன் வகுப்புக்குப் போனேன் என்று கேட்டால், சுற்றுச்சூழல் அக்கறை என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. என் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் புனே போனவள், பேரன் நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆள் கிடையாது. டீச்சருக்கும் கிடையாது என்று நினைக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். பிளாஸ்கில் டீயும் இரண்டு தம்ளரும் கொண்டுவருவார். யாரும் வராத வாரங்களில் அந்த இரண்டாவது தம்ளர் எனக்கு. நானும் அவரும் நாலு காலி நாற்காலிகளும் உட்கார்ந்து வேப்பிலை உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போதும் ஒன்பதரை வரைக்கும் பாடம் நடக்கும். ஒரே ஒரு ஆள் இருக்கிறேனே என்று குரலைத் தாழ்த்தவும் மாட்டார்.

ஒரு வருஷம் முழுக்க அவர் எங்கள் தெருவை அளந்தார். டியூபின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். மெயின் ரோட்டு முனைக்கும் கடைசி வீட்டுக்கும் முழங்கால் உயரம் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் தெரியாது, மழைக்குத் தெரியும். பள்ளமான அந்தக் கடைசியில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் ராணி குடியிருந்தாள். தெருவுக்கு இஸ்திரி போடுபவள், புருஷன் ஆட்டோ, மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகும். அதனால் ஐப்பசி பிறந்ததும் பெட்டி படுக்கையைப் பரணில் ஏற்றிவிட்டு, மகளின் புத்தகங்களைச் சைதாப்பேட்டையில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அது அவர்கள் வீட்டில் ஒரு பண்டிகை வழக்கம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

டீச்சரின் திட்டம் எளிமையானது. பூங்காவில் இரண்டு உறை கிணறு. மேட்டுப் பக்கத்து ஏழு கட்டடங்களின் மொட்டை மாடித் தண்ணீரும் வாசலுக்கு வராமல் பூமிக்கடியில் குழாய் வழியாக அந்தக் கிணறுகளுக்கு வந்துவிட வேண்டும். தண்ணீர் மண்ணுக்குள் போகும், பூங்காவும் பிழைக்கும், ராணி வீடும் பிழைக்கும். நாலு சார்ட் அட்டைகளை ஒட்டி அந்தப் படத்தை வரைந்து பூங்காக் கம்பியில் கட்டினார். அனுமதிக்காக அவர் ஆபீஸ் ஆபீஸாக நடந்த நடையைத் தனியாக எழுத வேண்டும். ஆடி மாசத்தில் வேலை முடிந்தது. டீச்சர் ராணி வீட்டு வாசலில் போய் நின்று, இந்த வருஷம் எதையும் பரணில் ஏற்ற வேண்டாம், தண்ணீர் வராது என்றார். நானும் கூட இருந்தேன். ராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு கட்டடங்களில் பெரியது எங்களுடையது. எட்டு வீடு. சங்கத்துக்கு நான்தான் செயலாளர். புரட்டாசியில் டீச்சர் வேளாங்கண்ணி போயிருந்த வாரத்தில், வாசல் முழுக்க டைல்ஸ் பதித்தோம். கார் வைத்திருந்தவர்களின் ரொம்ப நாள் ஆசை அது. கொத்தனார் மூன்று நாளில் முடித்தார். நான் தினமும் மேலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் ஏழு கட்டடங்களிலும் கடைசியாக ஒருமுறை சோதனை செய்தார். ஆறு மொட்டை மாடிகளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வாசலுக்கு வந்து புது டைல்ஸைப் பார்த்தவர், பூங்காவுக்குப் போகும் குழாயின் வாய் அடைபடாமல் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு டீச்சர். நானே பார்த்தேன்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். பதினோரு கேள்விக்குறி போட்டுப் பாராட்டு வாங்கியவனுக்கு அன்று ஒன்று போட வாய் வரவில்லை. டீச்சர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொன்னா போதும் சார்" என்று நோட்டில் டிக் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவில் அவர் சோதனை செய்யாமல் நம்பியது என் ஒருவன் வார்த்தையைத்தான்.

கார்த்திகையில் ஒரு காலை, விடிந்ததும் பிடித்த மழை பத்து மணிக்கும் விடவில்லை. பால்கனியில் நின்றபடி கீழே பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து தண்ணீர் கேட்டைத் தாண்டி, பூங்காவை உரசிக்கொண்டு, தெருவின் பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டு மொட்டை மாடித் தண்ணீர். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் குழாய் வாய் அடைபட்டிருக்கிறது என்று. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. அவர் அப்போது ராணி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பரணில் ஏற்றாத பெட்டிகள். ஊரார் துணிகள் நனைந்தன. மகளின் ரெக்கார்டு நோட்டுகள் எல்லாம் ஊறி உப்பிப் போயின. இரண்டு வருஷம் கையால் எழுதியவை.

மறுநாள் மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு டைல்ஸைப் பெயர்த்தேன். குழாய் வாயில் சிமெண்டு விழாமல் இருக்கச் சாக்கை அடைத்தவர், அதை எடுக்க மறந்து மேலேயே பூசியிருந்தார். அரை மணி நேரத்தில் சாக்கை உருவி, ஒரு சல்லடை மூடி போட்டு, "யாருக்கும் தெரியாம முடிச்சாச்சு சார்" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

டீச்சரும் அன்று சும்மா இருக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல், டியூபின் ஒரு முனையை மரத்தில் கட்டிவிட்டுத் தனியாகவே தெருவைத் திரும்ப அளந்திருக்கிறார். பூங்காவுக்கு அருகே ஓரிடத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம் வந்திருக்கிறது. ஒரு விரற்கடையில் ஒரு வீடு முழுகாது. ஆனால் தேடிப் போனவர் கையில் கிடைத்த தப்பு அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கா நிறைந்திருந்தது. பாடம் கேட்க வராத தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அவர் விசில் ஊதவில்லை.

"மட்டம் பாத்தது நான்தான்" என்றார். "ஒரு எடத்துல தப்பாப் பாத்துட்டேன். ராணி வீட்டுல தண்ணி போனதுக்கு நான்தான் காரணம். பரண்ல ஏத்த வேணாம்னு சொன்னதும் நான்தான்."

ஆரஞ்சுத் தோலுக்கு இருந்த அதே குரல்தான். பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு அன்று குரல் திரும்பக் கிடைத்தது. படித்த இன்ஜினீயர் செய்ய வேண்டியதைப் பள்ளிக்கூட டீச்சர் செய்தால் இப்படித்தான் என்றார். நான் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எட்டு வீட்டுக்காரர்களும் என்னைப் பார்ப்பார்கள், நானே பார்த்தேன் என்று பொய் சொன்னது வெளியே வரும், செயலாளர் பதவி என்ன பெரிய பதவி, ஆனால் எனக்கென்று அப்போது இருந்தது அது ஒன்றுதான். நாளைக்குத் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ராணி பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாலை அவரே வந்தார். வழக்கம்போல ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கூட்டத்துக்கு வராதவர்களிடமும் தன் தப்பைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டு மணி அடித்தது. நான் ஹாலில் நாற்காலியை விட்டு அசையவில்லை. இரண்டாவது முறை அடித்தது.

"சார், ஃபேன் சத்தம் கேக்குது" என்றார் கதவுக்கு வெளியே. "தூங்குறீங்க போல. டியூபோட அந்த முனைய நீங்கதான் புடிச்சீங்க, ஆனா தப்பு உங்க பக்கம் இல்ல, என் பக்கம்தான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் படியிறங்குவது ஒவ்வொரு படியாகக் கேட்டது. முழங்காலால் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்குவார். கதவைத் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

அதற்கப்புறம் ஆறு நாற்காலி நாலானது, இரண்டானது. நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். கடைசி மாதம் ஒரே ஒரு நாற்காலி போட்டு அதில் அவரே உட்கார்ந்திருந்தார். கீழே போய் எதிரில் நின்றிருக்கலாம், தம்ளரை நீட்டியிருப்பார். பொங்கலுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு கே.கே. நகரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கிணறுகளை மூடி, மேலே கான்கிரீட் போட்டு, நடைபாதை அமைத்தார்கள். ஓட்டு வீட்டுச் சொந்தக்காரர் மழையைக் காரணம் காட்டி ராணியையும் எழுப்பிவிட்டார். அவர்கள் சைதாப்பேட்டைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகள் எங்கள் தெருவில் மிகவும் நிம்மதியாக ஆகிவிட்டன. எனக்கு மட்டும் எட்டரை மணி வந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் கே.கே. நகருக்குப் போனேன். டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். தம்பி மனைவிதான் பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் காலனியில் கூட வந்து கூப்பிட்டார்களாம், தண்ணீர் நிற்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று. டீச்சர் மாட்டேன் என்றுவிட்டாராம். என் கண்ணை நம்பி இன்னொரு குடும்பம் நனைய வேண்டாம் என்றாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் உள்ளே போனதும் சாக்கு, சிமெண்டு, சல்லடை மூடி, ஃபேன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்பார் என்றும் உள்ளுக்குள் நினைத்திருப்பேன், இல்லையென்றால் பஸ் ஏறிப் போயிருக்க மாட்டேன்.

"ராணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு சார் மொதல்ல வந்தீங்க? நனைஞ்சது அவங்க."

ராணியின் புது விலாசத்தை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாவது சந்து. மாசத்துக்கு ஒருமுறை தான் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார்.

அந்தத் தாளை நான்கு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் தாளும் பை மாறும். சைதாப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் எத்தனையோ தரம் போனேன், இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் டீச்சரின் தம்பியிடமிருந்து போன் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. கான்வென்ட் டீச்சர்கள் சிலர், தம்பி குடும்பம், தள்ளி ஒரு மரத்தடியில் ராணியும் மகளும். மகள் நர்ஸ் உடுப்பில் இருந்தாள், டியூட்டியிலிருந்து நேரே வந்திருப்பாள் போலிருக்கிறது. ரெக்கார்டு நோட்டுகளைத் திரும்ப எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. அன்றும் நான் கிட்டே போகவில்லை.

அடுத்த வாரம் போனேன். மத்தியானம், ராணி வாசலில் இஸ்திரி வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"நீதானா சார் அது? டீச்சர் சொல்லிச்சு, நம்ம பழைய தெருவுலேர்ந்து ஒருத்தர் வருவாரு, ஒண்ணு சொல்லுவாரு, திட்டாம கேட்டுக்கோன்னு. இன்னா விஷயம்னு நான் எவ்ளோ கேட்டும் சொல்லல. அது அவர் சொல்ல வேண்டியதுன்னுச்சு."

தெருவில் யாருடைய தப்பையும் ஒரு நிமிஷம் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், என்னுடையதை நான்கு மாதம் வைத்துக்கொண்டு, பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு, மாசாமாசம் இந்தச் சந்துக்கு வந்து போயிருக்கிறார்.

"ஆஸ்பத்திரில கடைசியா பாத்தப்பக்கூட, வந்தாரான்னு தான் சார் கேட்டுச்சு" என்றாள் ராணி. "இன்னும் வரலன்னு சொன்னேன்."